நாலு மணிக்கு மூடும் பாலம்

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் சின்ன மாமா ஒருநாள் உட்கார்ந்து புலம்பினார். அந்தப் புலம்பலுக்குள் இது கிடந்தது.

மாமாவுக்கு நாற்காலி வாடகைக்கு விடும் தொழில். கல்யாணம், துக்கம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் அனுப்புவார். அந்த முறை அனுப்பியது ஒரு சமாதானப் பேச்சுவார்த்தைக்கு. ஒன்பது நாள்.

"பெரிய ஹால் ரெண்டுக்கும் மெத்தை வச்ச நாற்காலி இருபது இருபது போட்டேன் மாப்பிள்ளை. போட்ட இடத்துலயே இருந்துச்சு. ஒண்ணுகூட இம்மி நகரல. மூலையில ஒரு சின்ன ரூம், பொம்பளைங்களுக்குன்னு கேட்டாங்க, பிளாஸ்டிக் நாற்காலி ஆறு போட்டேன். அது ஆறும் கால் தேஞ்சு, கைப்பிடி கீறி, ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு வந்திருக்கு. அந்த ரூம்ல என்னதான் பண்ணாங்க?"

"எந்தப் பக்கத்துப் பொம்பளைங்க மாமா?"

"ரெண்டு பக்கமும்தான். ஆம்பளைங்களுக்குத் தனித்தனி ஹால். இவங்களுக்கு இடம் பத்தலைன்னு ஒரே ரூம்ல போட்டுட்டாங்க."

மாமா அடுத்த புகாருக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. மூட்டை கட்டிய கயிற்றைப் பார்த்தே உள்ளே இருக்கும் சரக்கு என்னவென்று சொல்லிவிடும் வியாபாரிகள் நடுவே வளர்ந்தவன் நான். நாற்காலிக் கால் தேய்ந்திருக்கிறது என்றால் யாரோ யாரிடமோ நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

[குறிப்பு: மாமா சொன்னது இவ்வளவுதான். இதற்குமேல் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. வாங்கிய பிறகு என்னிடம் வந்து சண்டை போடக் கூடாது.]

2.

எப்படித் தொடங்குவது என்பதில் மூன்று நாள் போயிற்று.

முதல் தொடக்கம்: "ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் இரு கரைகளும்…" நிறுத்திவிட்டேன். ஆற்றுக்குப் பேச இடம் கொடுத்தால் அது நிறுத்தாது. மற்றவர்களுக்கு நேரம் இருக்காது.

இரண்டாவது: "சமாதான மேசைகளில் பெண்களின் அர்த்தமுள்ள பங்கேற்பு என்பது…" இந்த "அர்த்தமுள்ள" என்ற இடத்தில் கால் இடறிவிட்டது. அறிக்கைகளில் எல்லாம் இப்போது அப்படித்தான் எழுதுகிறார்கள். எங்கள் துணிக்கடையில் ஒரே ஒரு புடவைக்கு மட்டும் "சாயம் போகாது" என்று சீட்டு ஒட்டினால், அடுக்கில் இருக்கும் மற்றப் புடவைகளைப் பற்றி நாங்களே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. இத்தனை வருஷம் நடந்த பங்கேற்பு எந்த வகை என்பதை அந்த ஒரு சொல் போட்டுக்கொடுத்துவிடுகிறது. சுவையான விஷயம்தான். ஆனால் கட்டுரை. கட்டுரையில் யாருக்கும் கால் வலிக்காது.

மூன்றாவது: "கண்டக்டர் காக்கிச் சட்டையோடு வந்ததற்குக் காரணம், அவளிடம் வேறு நல்ல உடுப்பு இல்லை என்பதல்ல."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3.

கண்டக்டர் காக்கிச் சட்டையோடு வந்ததற்குக் காரணம், அவளிடம் வேறு நல்ல உடுப்பு இல்லை என்பதல்ல. அவள் பக்கத்துத் தலைவர் சொல்லியிருந்தார். "போட்டோவுல பாக்க நல்லா இருக்கும்மா. உழைக்கும் பெண் மாதிரி இருக்கும்."

"மாதிரி இல்லீங்க, உழைக்கிறேன்" என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

ஊரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. ஆற்றின் மேல் ஒரு பாலம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரு கரைக்கும் மூண்ட சண்டையில் அதை மூடினார்கள். (முதல் கல்லை யார் எறிந்தது என்பதற்கு இரண்டு கரையிலும் தனித்தனிப் பட்டியல் உண்டு. அதற்குள் நான் போகவில்லை.) கண்டக்டரின் பஸ் முன்பெல்லாம் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரை மார்க்கெட் வரை போகும். இப்போது பாலத்தின் முகப்பில் இருக்கும் இரும்புத் தடுப்பைத் தொட்டுவிட்டு, வெட்கப்பட்ட ஆள் மாதிரித் திரும்பி வந்துவிடும்.

இரு பக்கத் தலைவர்களும் ஒருவழியாகப் பேசச் சம்மதித்தார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சம்மதிக்கவில்லை. அதனால் இந்தக் கரையில் இருந்த பழைய தேர்வுத்துறைக் கட்டடத்தில் ஆளுக்கொரு ஹால். பேச வரும் எதிர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் பாலத்தைத் தாண்டி வந்து போகப் பாஸ். நடுவர் என்று தலைநகரிலிருந்து ஒருவர் வந்தார். கோட்டுப் போட்டவர், தூக்கமில்லாதவர். இந்த ஹாலிலிருந்து அந்த ஹாலுக்குத் தாளைச் சுமந்துகொண்டு நடப்பது அவர் வேலை. இரு ஹால்காரர்களும் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்று தாழ்வாரத்தில் இரண்டு போலீஸ்.

இதற்கு நடுவில் தலைநகரின் சமத்துவக் கொள்கை ஒன்று குறுக்கே வந்தது. இரு கரைப் பெண்களையும் கலந்துபேசியதாக ஒரு பக்கம், அவர்கள் கையெழுத்தோடு, ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் ஒப்பந்தமே செல்லாது. சரி, கரைக்கு மூன்று பெண்கள். எங்கே உட்கார வைப்பது? பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த ஒரு சின்ன அறை மட்டும்தான் மிச்சம். ஆறு பேரையும் அதில் போட்டார்கள். அவர்கள் சண்டை போடக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேசி முடித்துவிடக்கூடும் என்றும் தோன்றவில்லை.

அறையில் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையிலிருந்து கண்டக்டர், அப்புறம் தலைவரின் மச்சினி. உள்ளே நடப்பதைத் தலைவரிடம் போய்ச் சொல்வதற்காக அனுப்பப்பட்டவள். எதிர்க்கரையிலிருந்து ஒரு நர்ஸ், எல்லோரும் நர்சம்மா என்பார்கள். அப்புறம் நூற்பாலைத் தொழிலாளி ஒருத்தி. நான் அவளை நூல்காரி என்று கூப்பிடுகிறேன். ஆலை இருப்பது இந்தக் கரையில், அவள் வீடு அந்தக் கரையில். பாலம் மூடியதும் வேலை போயிற்று.

கணக்குப் போட்டால் நாலு பேர்தானே ஆகிறது என்பீர்கள். இன்னும் இருவர் உண்டு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருத்தர், வக்கீல் ஒருத்தர். சின்னக் கதையில் ஆறு பெண்களை வாசகர் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால் அவர்களை நான் வெட்டிவிட்டேன். அறையில் இருப்பார்கள். பேச மாட்டார்கள்.

[குறிப்பு: பெண்களுக்கு இடம் இல்லை என்பதைப் பற்றிய கதையில், இடம் இல்லை என்று சொல்லி இரண்டு பெண்களை வெட்டியிருக்கிறேன். எனக்கே தெரிகிறது. நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம்.]

4.

முதல் நாள் இந்தச் சுவரோரம் மூன்று நாற்காலி, அந்தச் சுவரோரம் மூன்று நாற்காலி. நடுவே பேசுவதற்கு ஒன்றுமில்லாத ஒரு தரை. மதியம்வரை மின்விசிறி மட்டும்தான் பேசியது.

சலித்துப்போய் நர்சம்மா ஒரு விடைத்தாள் கட்டைப் பிரித்தாள். படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் உரக்க வாசித்தாள்.

"சமாதானத்தின் நன்மைகள் ஐந்தினை எழுதுக. ஐந்து மதிப்பெண். பிள்ளை எழுதியிருக்கு: ஒன்று, சத்தம் இருக்காது. இரண்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட மாட்டார்கள். அவ்வளவுதான்."

"ரெண்டாவது நன்மையா, கெடுதலா?" என்றாள் கண்டக்டர், எதிர்ச்சுவரிலிருந்து.

"வாத்தியார் ஒரு மார்க் போட்டிருக்காரு."

"எதுக்காம்?"

"அது போடலை."

நூல்காரி சிரித்துவிட்டாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு தாளைப் பார்க்க வந்தாள். பிளாஸ்டிக் கால் தரையில் கீச்சிட்டது. அதன்பிறகு யாரும் சுவரோரம் திரும்பிப் போகவில்லை.

சாயங்காலம் தலைவர் மச்சினியைக் கேட்டாராம், உள்ளே என்ன பேசினார்கள் என்று. மறுநாள் அவளே வந்து சொன்னாள்: "மூட்டுவலியைப் பத்தின்னு சொல்லிட்டேன். நம்பிட்டாரு. நாலு நாளைக்குத் தாங்கும்."

மூன்றாம் நாள்தான் நர்சம்மா கண்டக்டரின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை யாராச்சும் 'குட்டை'ன்னு கூப்பிடுவாங்களா?"

கண்டக்டருக்குப் பஸ்ஸில் நின்றால் கூரை இடிக்கும். மச்சினி வாய்விட்டுச் சிரித்தாள். கண்டக்டர் சிரிக்கவில்லை.

"எங்க அக்கா கூப்பிடுவா" என்றாள். "சின்ன வயசுல நான் குட்டை. அம்மா போனப்பறம் அவதான் என்னை வளத்தா. நீட்டமா வளந்தப்பறமும் பேரை மாத்தல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தண்ணித் தொட்டித் தெருவுல இருக்காங்களா? பச்சைக் கதவு வீடு?"

"என்ன ஆச்சு?"

(கரை தாண்டிய போன் இணைப்பையும் பாலத்தோடு சேர்த்தே அறுத்திருந்தார்கள். அக்கா வாழ்வது எதிர்க்கரையில். மூன்று வருஷமாக அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.)

நர்சம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டாள். ஐந்து மாதத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரு சொல்லைத் தவிர.

"எதைக் கேட்டாலும் 'குட்டை'ங்கிறாங்க. தண்ணி வேணுமான்னா, குட்டை. வலிக்குதான்னா, குட்டை. யாரையோ தேடறாங்கன்னு புரிஞ்சுச்சு. தெருவுல இருக்கிற குட்டையான ஆளுங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்து காட்டினோம். ஒரு தாத்தாவைக்கூட. யாரையும் ஒத்துக்கலை. உங்க தாடையைப் பாத்ததும்தான் எனக்கு…"

கண்டக்டர் எழுந்து சன்னலோரம் போனாள். இங்கே முதல் பிரதியில் அவளை அழ வைத்திருந்தேன். நாலு வரி, நல்ல அழுகை. அவள் அழவில்லை. அடித்துவிட்டேன். அவள் கேட்டது வேறு.

"தலை யார் வாரி விடறா?"

"செவ்வாய்க்கிழமை நான். மத்த நாள் பக்கத்து வீட்டுப் பொண்ணு."

"வகிடு எடுக்கக் கூடாது. அவளுக்குப் பிடிக்காது. நேரா பின்னாடி இழுத்து, இறுக்காம கட்டணும்."

"சரிங்க."

"இறுக்கினா தலைவலி வரும். சொல்ல மாட்டா. முன்னாடியும் சொல்ல மாட்டா."

5.

எட்டாம் நாள் வரைவு ஒப்பந்தம் வந்தது. பாலம் திறக்கும். காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை. காவலர்களின் முறை நாலோடு முடிகிறது என்பதால் அந்த நேரம். இரண்டு ஹாலும் தனித்தனியே, ஒரு திருத்தமும் இல்லாமல் ஒத்துக்கொண்ட முதல் வரி அதுதான். பாலத்தை நடத்தப் பதினோரு பேர் குழு. பதினோரு பேரும் யார் என்று உங்களுக்கே தெரியும்.

"நாலு மணியா?" என்றாள் நூல்காரி. "ஆலை அஞ்சு மணிக்குத்தான் விடும். காலையில வந்துடுவேன், சாயங்காலம் எப்படிப் போவேன்? நீந்தியா?"

அவளைப்போல எதிர்க்கரையில் முந்நூறு பேர். ஆறு பெண்களும் ஒரு தாளில் எழுதி அனுப்பினார்கள்: பாலம் ஏழு மணிவரை. குழுவில் இரு கரையிலிருந்தும் இரண்டிரண்டு பெண்கள்.

நடுவர் போய்விட்டு வந்தார். "நல்ல யோசனைன்னு ரெண்டு பக்கமும் பாராட்டினாங்க. இரண்டாம் கட்டத்துல கண்டிப்பா பரிசீலிக்கப்படும்."

கண்டக்டர் சிரித்த சிரிப்பில் தாழ்வாரத்துப் போலீஸ் எட்டிப் பார்த்தார்.

"சார், இருபத்திரண்டு வருஷமா நான் சொல்ற பொய் சார் இது. 'பின்னாடியே வண்டி காலியா வருது, அதுல ஏறிக்கோங்க'. படியில தொங்கறவங்களை இறக்கிவிட அப்படித்தான் சொல்வேன். என்கிட்டயேவா?"

"நான் மனசாரத்தான் சொல்றேன்."

"நானும் மனசாரத்தான் சொல்வேன் சார். வண்டிதான் வராது."

6.

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள்.

என் அப்பா துணியை விரிக்கும்போது துணியைப் பார்க்க மாட்டார். வாங்க வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். கடையை விட்டு இறங்கி நடக்கத் துணிந்தவருக்கு விலை இறங்கும். "இது இல்லாமல் நான் வீட்டுக்குப் போக முடியாது" என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்தவருக்கு இறங்கவே இறங்காது. பேரம் என்பது இவ்வளவுதான். மீதியெல்லாம் வாய்வார்த்தை.

ஒன்பதாம் நாள் நடுவர் கண்டக்டரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். அவரை வில்லனாக்க எனக்கு ஆசைதான். வேலை சுலபமாகும். ஆனால் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற விதத்தில் அது நடக்கவில்லை.

"நாளைக்குக் காலையில என்னைத் திரும்ப வரச் சொல்லிட்டாங்கம்மா. இன்னிக்கு முடியலைன்னா அடுத்த சுற்றுக்கு ஒரு மாசம் ஆகும். அதுக்கு மேலயும் ஆகலாம். பத்தாம் பக்கத்துல உங்க ஆறு பேர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க அக்கா விஷயம் எனக்குத் தெரியும். அந்த நர்ஸ் எங்கிட்ட நாலு தடவை கெஞ்சிட்டாங்க, உங்களுக்கு ஒரு நாள் பாஸ் கொடுங்கன்னு. ஒப்பந்தம் இல்லாம என்னால முடியாது. இருந்தா, நாளைக்கு ஒன்பது மணிக்குப் பாலத்தைத் தாண்டற முதல் வண்டியில நீங்க இருப்பீங்க. எழுதியே தரேன்."

அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். கண்டக்டரின் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

7.

அவள் அறைக்குள் வந்து எதையும் மறைக்காமல் சொன்னாள். தாளை மேசையில் வைத்தாள். பத்தாம் பக்கம். "முழுமையாகக் கலந்தாலோசிக்கப்பட்டோம்" என்று ஒரு வரி, கீழே ஆறு கோடு.

பிறகு நடந்த பேரத்தைப்போல நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை.

"போடுங்கக்கா" என்றாள் நூல்காரி. "நாலு மணின்னா நாலு மணி. எனக்கென்ன, மூணு வருஷமா வேலை இல்லாம இருந்து நல்லாப் பழகிடுச்சு."

"வாயை மூடு. ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டு பேசற பேச்சைப் பாரு. நான் போட மாட்டேன்."

"உங்க அக்காவுக்காகப் போடச் சொல்றேன்."

"உன் வேலைக்காகப் போடலைங்கிறேன்."

"நான் உங்களுக்கு என்ன உறவா? எதிர்க்கரைக்காரி. உங்க தலைவர் மைக்கைப் பிடிச்சா எங்களை என்னன்னு சொல்வாரு?"

"முதலைன்னு" என்றாள் மச்சினி. "போன மாசம் வரைக்கும் பாம்பு. முதலைன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"கேட்டீங்களா? முதலைக்காக யாராச்சும் கூடப் பொறந்தவளை விடுவாங்களா?"

"அழகான முதலை" என்றாள் கண்டக்டர். 

நர்சம்மா குனிந்துகொண்டு சொன்னாள்: "நான் நர்சா சொல்றேங்க்கா. உங்க அக்காவுக்கு ஒரு மாசம் இருக்குன்னு நம்பிக் காத்திருக்க வேண்டாம்."

 எதிர்க்கரைக்காரிகள் இருவரும் தாளைக் கண்டக்டர் பக்கம் தள்ளினார்கள். கண்டக்டர் திருப்பித் தள்ளினாள். எங்கள் வீட்டில் எல்லோரும் சரக்கைத் தங்கள் பக்கம் இழுத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

8.

உங்களுக்கு என்ன நிறத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். விரித்துக் காட்டுகிறேன். பார்ப்பதற்குக் காசு கிடையாது.

முதல் நிறம். கண்டக்டர் கையெழுத்துப் போடுகிறாள். மறுநாள் ஒன்பதே காலுக்குப் பச்சைக் கதவைத் தள்ளுகிறாள். "குட்டை" என்கிறது கட்டில். இதைப் படித்து நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில் மணி நாலாகிறது. பாலம் மூடுகிறது. நூல்காரி வேலைக்குப் போகாத நாலாவது வருஷம் தொடங்குகிறது.

இரண்டாம் நிறம். அவள் மறுக்கிறாள். அவள் உறுதியைக் கண்டு இரண்டு ஹாலும் மனம் மாறி, கைதட்டி… நானே வாங்க மாட்டேன். சாயம் ஒரு தண்ணிக்குத் தாங்காது.

மூன்றாம் நிறம். அவள் மறுக்கிறாள், நடுவர் ஊருக்குப் போகிறார், இருபதாம் நாள் நர்சம்மா பாலத்தின் அந்தப் பக்கத் தடுப்பில் வந்து நின்று, சத்தமாக…

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

இப்படி மூன்றையும் விரித்துப் போட்டுவிட்டு, மடிக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது அறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கண்டக்டர் அல்ல. நர்சம்மா அல்ல.

"யார்கிட்டயாச்சும் ஸ்கேல் இருக்கா?"

நான் வெட்டிய தலைமையாசிரியை.

"அம்மா, நீங்க இந்தக் கதையில…" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைச் சட்டைசெய்யவில்லை.

"பதினெட்டு வருஷம் கோடை லீவெல்லாம் இந்தக் கட்டடத்துலதான் பேப்பர் திருத்தினேன்" என்றார். "தப்பான விடையைக் கிழிச்சுப் போடற வழக்கம் எனக்கில்ல. கோடு போட்டு அடிப்பேன். பக்கத்துல சரியானதை எழுதுவேன். ஒப்பந்தம் முழுசா, நேரம் போட்ட அஞ்சாம் பக்கம், குழு போட்ட எட்டாம் பக்கம் எல்லாம் இங்கதானே இருக்கு? தப்பைத் திருத்தாம எதுக்கு அதுக்குப் பின்னாடி கையெழுத்துப் போடணுமா வேணாமான்னு அடிச்சுக்கறீங்க?"

கண்டக்டர் நிமிர்ந்தாள். "எங்க ட்ரிப் ஷீட்லயும் அப்படித்தான் டீச்சர். நேரம் தப்பா எழுதிட்டா தாளைக் கிழிக்கக் கூடாது. ஒரே கோடு, மேல சரியான நேரம், பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்து. டெப்போவுல செல்லும்."

"ஆனா இது டெப்போ இல்லையே" என்றாள் மச்சினி.

மூலையிலிருந்து ஒரு குரல். ஒன்பது நாளில் முதல் தடவை. நான் வெட்டிய இரண்டாமவர், வக்கீல்.

"இங்கயும் செல்லும். வரைவுதான் இது. இந்த அறை திருத்தம் சொல்லக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்ல. ஆறு பேரும் பக்கத்துல போட்டா, ஏத்துக்கறதா வேணாமான்னு அவங்கதான் எழுத்துல சொல்லணும். 'பரிசீலிப்போம்'னு வாயால சொல்லிட்டுப் போக முடியாது."

[குறிப்பு: இடமில்லை என்று நான் ஒதுக்கிய இருவர் இல்லாமல் இந்தக் கதை இதற்குமேல் ஓர் அடி நகராது. என் தொழிலில் இதற்குப் பெயர் நட்டம். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.]

9.

தலைமையாசிரியை அழகாகக் கோடு போட்டார். "நாலு" அடிபட்டது, மேலே "ஏழு" ஏறியது. "பதினோரு பேர்" என்பதற்குப் பக்கத்தில், ஓரத்தில், பொடி எழுத்தில்: "இவர்களில் இரு கரையிலிருந்தும் இரண்டிரண்டு பெண்கள்."

"அவங்க ஒத்துக்கலைன்னா?" என்றாள் நர்சம்மா. கேள்வி எல்லோருக்கும் புரிந்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் வண்டி இல்லை.

பேனா கண்டக்டர் கையில் இருந்தது. அவள் முதலில் போடாவிட்டால் மற்றவர்கள் போடப் போவதில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நூல்காரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள், தன்னைப் பார்த்துத்தான் கண்டக்டர் போட்டாள் என்று ஆகிவிடக் கூடாதாம்.

"நீங்க செவ்வாய்க்கிழமை போவீங்கல்ல நர்சம்மா?"

"போவேங்க்கா."

"ஒருவேளை… நான் நாளைக்கு வரலைன்னா. குட்டை வரான்னு சொல்லுங்க. எப்பன்னு கேக்க அவகிட்ட வார்த்தை இல்ல."

அக்கா திட்டுவாளா என்று யோசித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எவளுடனோ சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் அக்கா கேட்ட முதல் கேள்வி நினைவுக்கு வந்தது: யார் சார்பா சண்டை போட்ட? உனக்கா, வேற யாருக்காச்சுமா? உனக்காக என்றால் அடி விழும்.

ஏழுக்குப் பக்கத்தில் தன் சின்னக் கையெழுத்தைப் போட்டாள். ட்ரிப் ஷீட்டில் போடுவதைப்போலவே, நடுங்காமல். எட்டாம் பக்கத்திலும் பத்தாம் பக்கத்திலும் போட்டுவிட்டுப் பேனாவை நர்சம்மாவிடம் நீட்டினாள்.

நர்சம்மா போட்டாள். நூல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டாள். வக்கீல், தலைமையாசிரியை. மச்சினி மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு மூட்டுவலின்னு சொல்ல முடியாதே" என்றாள். போட்டாள்.

நடுவர் வந்து தாளைப் பார்த்தார். ஐந்தாம் பக்கம், எட்டாம் பக்கம், பத்தாம் பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இப்படிச் செய்ய முடியாதும்மா."

"செஞ்சாச்சு சார்" என்றார் வக்கீல்.

நடுவர் கண்டக்டரைப் பார்த்தார். "உங்க அக்கா…"

"தெரியும் சார். எடுத்துட்டுப் போங்க. நேரமாகுது."

அவர் போனார்.

10.

ஹாலுக்குள் அவரோடு போய் என்ன நடந்தது என்று எட்டிப் பார்த்து உங்களுக்குச் சொல்வது எனக்குப் பெரிய காரியமில்லை. எழுதுகிறவனுக்கு எந்தப் போலீசும் தடை இல்லை. ஆனால் கதை முழுக்க அந்த இரண்டு ஹாலுக்குள்ளும் நான் ஒருமுறைகூட நுழையவில்லை. கடைசிச் சொல்லை மட்டும் அங்கே போய் வாங்கிவர எனக்கு மனமில்லை. நான் இங்கேயே, இந்த அறையில் ஒரு ஓரமாக இருந்துகொள்கிறேன். இவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நூல்காரி கண்டக்டரின் தோளில் தலையைச் சாய்த்திருக்கிறாள். நர்சம்மா கண்டக்டரின் கையை நாடி பார்ப்பதைப்போலப் பிடித்தபடியே இருக்கிறாள்.

ஆனால் உங்களுக்கு ஹாலில் இடம் இருக்கலாம். நிறையப் பேருக்கு இருக்கிறது. தெரியாமலேயே மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏதாவது ஓர் அலுவலகத்தில், சங்கத்தில், குடும்பத்தில், ஒரு தாள் சுற்றிச் சுற்றி உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

இதோ, நடுவர் குனிந்து உங்கள் முன்னால் வைக்கிறார். நாலின் மேல் ஒரு கோடு. அதன் மேல் ஏழு. பக்கத்தில் ஆறு சின்னக் கையெழுத்து, ஆறாவது கொஞ்சம் மை இழுத்திருக்கிறது. கீழே உங்களுக்கு ஒரு கோடு விட்டிருக்கிறார்கள்.

நிதானமாகப் படித்துப் பாருங்கள், அவசரமில்லை என்று சொல்லத்தான் எனக்கு ஆசை.

அவசரம் இருக்கிறது.